மூன்றாவது நகர்த்தல்

நான் ஆடிய சதுரங்க ஆட்டங்களை எழுதி வைக்கும் கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. மீள்குடியேறி வந்த பிறகு மல்லாவியில் வாங்கிய எண்பது பக்கக் கொப்பி. அதில் நூற்று நாற்பத்து நான்கு ஆட்டங்கள் உள்ளன. எல்லாமே ஒரே மனிதருடன் ஆடியவை. இதற்கு முந்திய கொப்பிகள் ஐந்தும் யுத்தகால இடப்பெயர்வில் போய்விட்டன. அவற்றில் எத்தனை ஆட்டங்கள் இருந்தன என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஆயிரத்துக்கு மேல் இருக்கலாம். இருக்கலாம் என்று எழுதுவது எனக்குப் பழக்கமில்லை.

அவர் எங்கள் குளத்தின் துருசுக் காவலாளியாக இருந்தவர். குளத்து நீரை வாய்க்காலுக்கு விடும் இரும்புக் கதவைத் திறப்பதும் பூட்டுவதும் அவர் வேலை. எத்தனை அங்குலம் திறக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்வது என் வேலை. நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். என் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்தது. அவருடைய குடும்பம் எழுபதுகளின் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது. அவர் என்னை ஐயா என்பார். நான் அவரை நீர் என்பேன். இருவருக்கும் வயது வித்தியாசம் பதினான்கு மாதம், மூத்தவர் அவர்தான்.

துருசடியில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில் இருந்தது. தண்ணீர் திறந்துவிட்ட பிறகு மட்டம் இறங்கும்வரை காத்திருக்கும் நேரத்தில் அங்கேதான் ஆடினோம். எனக்குச் சதுரங்கம் பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்திலிருந்தும் வந்தது. அவருக்குத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்த ஒருவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்த மனிதரிடம் புத்தகம் எதுவும் இருக்கவில்லை.

நான் வெள்ளைக் காய்களை எடுத்தால் எப்போதும் அரசிக்கு முன்னால் நிற்கும் காலாளைத்தான் இரண்டு கட்டம் தள்ளுவேன். அவர் தன் அரசியின் காலாளைத் தள்ளி மறிப்பார். நான் பக்கத்துக் காலாளையும் இரண்டு கட்டம் தள்ளி, வேண்டுமானால் வெட்டும் என்று கொடுப்பேன். அவர் வெட்டாமல் இன்னொரு காலாளால் முட்டுக்கொடுப்பார். நான் குதிரையை வெளியே எடுப்பேன். இதுவரைக்கும் புத்தகத்தில் உள்ளதுதான். அடுத்தது கறுப்பின் மூன்றாவது நகர்த்தல். அந்த இடத்தில் கறுப்பும் ஒரு குதிரையை வெளியே எடுக்க வேண்டும் என்று என் புத்தகம் சொன்னது. அவர் எடுக்க மாட்டார். அரசியின் பக்கத்து ஓரத்தில், சண்டை எதுவும் நடக்காத மூலையில் நிற்கும் காலாளை ஒரேயொரு கட்டம் முன்னே வைப்பார். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்.

எங்கள் காலத்தில் ஆட்டத்தின் தொடக்கத்தில் ஓரத்துக் காலாளைத் தொடுகிறவன் ஆட்டம் தெரியாதவன். தொடக்கம் என்பது ஒரு ஓட்டப் போட்டி. யாருடைய காய்கள் முதலில் வெளியே வருகின்றன என்பதே கணக்கு. ஒரு நகர்த்தல் வீணானால் ஒரு நாள் கூலி போனது மாதிரி. இதை அவருக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

“தண்ணியத் தொறக்க முன்ன வரப்ப ஒரு சாண் ஒசத்திக்கணும் ஐயா. பெறகு தொறந்தா எங்கயும் ஒடையாது.”

வரப்பும் சதுரங்கமும் ஒன்றல்ல என்று சொல்லிவிட்டு நான் ஆடுவேன். அந்த நகர்த்தலுக்கு நானே ஒரு பெயர் வைத்தேன். தோட்டத்து நகர்த்தல். கொப்பியிலும் அதைச் சுருக்கி ‘தோ.ந.’ என்றே எழுதினேன். அவருக்கு முன்னால்தான் எழுதினேன். அவருக்குத் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரியும்.

யுத்தம் முடிந்து செட்டிகுளம் அகதி முகாமில் இருந்த மாதங்களில் பலகையும் இல்லை, காய்களும் இல்லை. தண்ணீர் பவுசர் லொறிக்கு நிற்கும் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று வாயாலேயே ஆடினோம். வரிசை நீளமாக இருந்தால் ஆட்டம் முடியும். அவற்றை நான் எழுதவில்லை. எழுதப் பேனை இருக்கவில்லை. அங்கேயும் அவர் மூன்றாவதாக அந்த ஓரத்துக் காலாளையே சொல்வார். எங்களைச் சுற்றி நின்றவர்களுக்கு நாங்கள் என்ன பேசுகிறோம் என்றே விளங்காது.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குச் சிறுநீரகம் பழுதென்று கண்டார்கள். வன்னியில் இது பலருக்கும் வருகிறது. கிணற்றுத் தண்ணீர் என்கிறார்கள், வயல் மருந்து என்கிறார்கள். வாரத்தில் இரண்டு தரம் வவுனியாவுக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்றானபோது, செட்டிகுளத்தில் கலியாணம் முடித்திருந்த மகளோடு போய் இருந்துவிட்டார். அன்றைக்கு என் கொப்பியில் நூற்று நாற்பத்து மூன்று ஆட்டங்கள் இருந்தன. ஒன்றரை வருடம் அது நூற்று நாற்பத்து மூன்றாகவே இருந்தது.

ஆட ஆள் இல்லாமல், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய கைத்தொலைபேசியில் சதுரங்கம் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க மனம் நொந்தது. நான் மனனம் செய்த விதிகளில் பாதியை இப்போது யாரும் மதிப்பதில்லை. கறுப்பு அரசன் மூலையில் மந்திரியை வைத்துப் பாதுகாப்பாக இருக்கிறான் என்று நாங்கள் நம்பிய தடுப்புகளில், வெள்ளை தன் ஓரத்துக் காலாளை இரண்டு பாய்ச்சலில் தள்ளி அந்தச் சுவரை இடிக்கிறது. தனியாக நிற்கும் காலாள் பலவீனம் என்று படித்திருந்தேன். இப்போது அதைத் தாங்களே விரும்பி வாங்கிக்கொண்டு, காய்களுக்கு இடம் கிடைத்ததே என்று மகிழ்கிறார்கள். மனிதரைவிடப் பலமாக ஆடும் கணினி எல்லாவற்றையும் திரும்பச் சோதித்துவிட்டதாம். அறுபது வருடம் பிழை என்று கிடந்தவற்றில் சில பிழை இல்லையாம்.

ஒரு நாள் மத்தியானம் ஓர் இளைஞர் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். அரசியின் காலாளுக்கு எதிரான பழைய தடுப்புக்கு அண்மைக் காலத்தில் வந்திருக்கும் புது உயிர் என்று தொடங்கினார். நான் சோற்றுக் கோப்பையோடு இருந்தேன். வெள்ளை குதிரையை எடுத்தது. கறுப்பு, மூன்றாவதாக, ஓரத்துக் காலாளை ஒரு கட்டம் வைத்தது.

உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் இப்போது இதைப் பெரிய போட்டிகளில் ஆடுகிறார்கள் என்றார் அவர். கறுப்பு அவசரப்படவில்லை, வெள்ளை என்ன செய்யப் போகிறது என்று முதலில் சொல்ல வைக்கிறது. வெள்ளை காலாள்களை மாற்றிக்கொண்டு மந்திரியை வெளியே எடுத்தால், கறுப்பும் தன் மந்திரியை எதிரே வைக்கலாம். அதை விரட்ட வெள்ளைக் குதிரை பாய வேண்டிய கட்டத்தை அந்த ஓரத்துக் காலாள் முன்னமே பூட்டி வைத்திருக்கிறது. வெள்ளை கவனயீனமாக இருந்தால் வெள்ளை கொடுத்த காலாளைக் கறுப்பு வெட்டி, பக்கத்துக் காலாளால் தாங்கிப் பிடித்துவிடலாம். தாங்கும் அந்தக் காலாளுக்குக் கீழே முட்டு ஏற்கெனவே தயார். அதாவது, முதலில் வரப்பை உயர்த்திவிட்டுப் பிறகு திறப்பது.

நான் கைத்தொலைபேசியில் உள்ள கணினியை அந்த இடத்தில் விட்டுப் பார்த்தேன். புத்தக நகர்த்தலுக்கும் அவருடைய நகர்த்தலுக்கும் வித்தியாசம், ஒரு காலாளை நூறு பங்காக்கினால் அதில் ஒரு சில பங்கு. அதுவும் நிலையாக நிற்கவில்லை. யோசிக்க யோசிக்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று மணிநேரம் பார்த்தேன். அந்த ஒரு சில பங்குக்காக நான் ஒரு மனிதரை முப்பது வருடத்துக்கு மேல் நையாண்டி செய்திருக்கிறேன்.

பிறகுதான் கொப்பியை எடுத்தேன். நூற்று நாற்பத்து மூன்றில் நான் வெள்ளை எடுத்தவை எழுபத்தொன்று. முதல் முப்பத்தெட்டில் ‘தோ.ந.’ என்று இருந்தது. முப்பத்தொன்பதாவதில் இல்லை. குதிரை. நாற்பதாவதிலும் குதிரை. கடைசிவரை குதிரைதான். என் கையாலேயே முப்பத்து மூன்று தரம் அந்தக் குதிரையை எழுதியிருக்கிறேன். அவர் மாறிவிட்டார் என்பதை ஒரு தரமும் கவனிக்கவில்லை. வாய்க்காலில் அரை அங்குலம் குறைந்தால் கண்டுபிடிக்கிறவன் நான்.

முதல் முப்பத்தெட்டில் அவர் வென்றவை பதினொன்று, சமன் ஒன்பது, தோற்றவை பதினெட்டு. பின்னைய முப்பத்து மூன்றில் வென்றவை இரண்டு, சமன் ஆறு, தோற்றவை இருபத்தைந்து. அந்த நாட்களில் வயது போகப் போக என் ஆட்டம் முற்றுகிறது என்று நினைத்திருந்தேன். மனைவியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டதும் நினைவிருக்கிறது.

முப்பத்தெட்டுக்கும் முப்பத்தொன்பதுக்கும் இடையில் பதினொரு நாட்கள். அந்தப் பதினொரு நாளுக்குள் முதியோர் தினம் ஒன்று வந்திருந்தது. பொது மண்டபத்தில் சங்கீதக் கதிரை, ஊசியில் நூல் கோர்த்தல், சதுரங்கம். அவருக்கு எதிரே ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் வெள்ளை எடுத்திருந்தார். கறுப்பை எடுத்த இவருக்குப் பின்னால் நான் நின்றேன். மூன்றாவதாக இவர் ஓரத்துக் காலாளை வைத்தார். அதிபர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், இது என்ன என்பது போல. சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

“அது தோட்டத்து நகர்த்தல். கொழுந்து கிள்ளுற ஆக்கள் எல்லே, ஓரத்தில இருந்துதான் கிள்ளத் தொடங்குவினம்.”

ஏழு பேர் சிரித்தார்கள். அதிபரையும் சேர்த்தால் எட்டு. பதினாறாவது நகர்த்தலில் அவர் தோல்வி என்று அதிபருக்குக் கைகொடுத்துவிட்டு எழுந்து போனார். பலகையில் அவருக்கு ஒன்றும் கெட்டுப்போயிருக்கவில்லை. தலைசுற்றுகிறதாக்கும் என்று நான் நினைத்தேன். அடுத்த கிழமை வழமைபோல வந்தார், வழமைபோல ஐயா என்றார், குதிரையை எடுத்தார்.

இதைக் கண்டுபிடித்த பிறகு நான் உடனே போகவில்லை. ஆறு கிழமை இழுத்தடித்தேன். முழங்கால் என்றேன், மழை என்றேன். முகாமை விட்டு வந்த பிறகு செட்டிகுளப் பக்கம் நான் போனதே இல்லை. அதையும் ஒரு காரணமாக வைத்துக்கொண்டேன். பிறகு யாரோ சந்தையில் சொன்னார்கள், அவர் வர வர மெலிந்து போகிறாராம், ஆட்களைக் கண்டால் பேச்சும் குறைவாம். அடுத்த நாளே புறப்பட்டேன்.

மூன்று பஸ். மாங்குளத்தில் மாறி, வவுனியாவில் மாறிப் போக வேண்டும். புளியங்குளத்தில் தேநீருக்கு நிறுத்தினார்கள், நான் இறங்கவில்லை. பிளாஸ்டிக் காய்கள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். உம்முடைய நகர்த்தல் சரி, நான் சொன்னதுதான் பிழை. ஆறு சொற்கள். செட்டிகுளம் போய்ச் சேருவதற்குள் நூறு தரமாவது சொல்லியிருப்பேன்.

மகள்தான் வெளியே வந்தார். என்னைக் கண்டதும் முகம் ஒன்றும் மலரவில்லை.

“ஐயாவுக்கு இப்பதானோ பாதை தெரிஞ்சது?” என்றார். பிறகு, “இருங்கோ, நேற்றுத்தான் ரத்தம் மாத்தினது, ஆள் கொஞ்சம் தெளிவு” என்று கதிரையை இழுத்துப் போட்டார்.

அவர் பாதியாகியிருந்தார். ஆனால் கண் அதே கண்தான். அவருக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அதில் பேனையால் கோடுகள் இழுத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு அவர் குடிக்கக்கூடிய தண்ணீர் அவ்வளவுதான். நான் கோடுகளை எண்ணுவதைக் கண்டுவிட்டார்.

“துருசப் பூட்டிட்டாங்க ஐயா,” என்றார். “ஒரு நாளைக்கு அஞ்சு கோடு. போக வெள்ளாமைக்குக் காணாது.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எனக்குத் தேநீர் வந்தது. அவருக்கு முன்னால் குடிக்க மனம் வரவில்லை; ஆறவிட்டுவிட்டேன். ஊர்க்கதை கேட்டார். துருசுக் கதவுக்குப் புதுத் திருகு போட்டிருக்கிறார்கள், மோட்டர் பூட்டப் போகிறார்களாம் என்று சொன்னேன். அப்படியா என்றார். பிறகு பையைப் பார்த்து, கொண்டு வந்ததை வையுங்களேன் என்றார்.

நான் வெள்ளை எடுத்தேன். வழமையான நகர்த்தல்கள். குதிரையை எடுத்து வைத்துவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நேரே குதிரையைத் தூக்கி வைத்தார்.

“அந்த ஓரத்துக் காலாளை வையுங்கோ,” என்றேன்.

“அது வீண்தானே ஐயா.”

“வீண் இல்லை. நான் சொன்னதுதான் பிழை.” கைத்தொலைபேசியை எடுத்து அவருக்குக் காட்டினேன். யார் யார் ஆடுகிறார்கள், எந்தப் போட்டியில், கணினி என்ன சொல்கிறது, மந்திரி எதிரே வந்தால் என்ன, குதிரை பாயாமல் எப்படிப் பூட்டுகிறது என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். பதினைந்து நிமிடம் சொல்லியிருப்பேன். நான் கொண்டு வந்த ஆறு சொற்களை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன் என்பது பாதியில் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

அவர் திரையை எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தக் காலாள் ஒரு கட்டம் நகர்வதை இரண்டு தரம் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

“அப்ப இனிமே இத யாரும் தோட்டத்து நகர்த்தல்னு சொல்ல மாட்டாங்க,” என்றார்.

“இல்லை. அப்பிடிச் சொன்னது என்ர பிழை.”

“அதுல பிழை இல்ல ஐயா. அது தோட்டத்துல படிச்சதுதான். எனக்கு மருந்துக்காரர் காட்டுனது.” கைத்தொலைபேசியைத் திருப்பித் தந்தார். “அன்னிக்கு மண்டபத்துல சிரிச்சாங்க பாருங்க. அதுல என் மருமகனும் நின்னுக்கிட்டிருந்தான்.”

எனக்கு அது தெரியாது. சிரித்தவர்களை எண்ணினேன், நின்றவர்களை எண்ணவில்லை.

அவர் போத்தலை எடுத்து ஒரு வாய் குடித்தார். கோட்டைப் பார்த்து மூடினார். பிறகு அதிகம் சத்தமில்லாமல் கேட்டார்.

“ஒண்ணு கேக்கிறேன். இந்த போன் வேற மாதிரிச் சொல்லியிருந்தா, வந்திருப்பீங்களா?”

குசினிக்குள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மகள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். நகர்த்தல் பிழையாகவே இருந்திருந்தால், அன்றைக்கு நான் சொன்னதும் எட்டுப் பேர் சிரித்ததும் சரியாகிவிடுமா என்பதுதான் கேள்வி. அது எனக்கு விளங்கியது. ஆனாலும் மழை என்றால் கஷ்டம்தான் என்று ஏதோ சொன்னேன்.

“வைங்க ஐயா,” என்றார். “ஒங்க முறை.”

குதிரையைத் திருப்பி எடுக்கட்டும் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. வைத்த காய் வைத்ததாகவே இருந்தது. பன்னிரண்டு நகர்த்தல் ஆடினோம். பிறகு அவருக்குக் கண் சொருகியது. மகள் வந்து தலையணையைச் சரிசெய்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நிலையைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, பதின்மூன்றாவது என்னுடையது, பிறகு போனில் சொல்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதுதான் நூற்று நாற்பத்து நான்காவது.

வீட்டுக்கு வந்தும் அந்த நகர்த்தலை நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல அழைத்தால் மற்றதையும் சொல்ல வேண்டும். இருபத்துமூன்று நாள் அப்படிப் போயிற்று. இருபத்துநாலாம் நாள் காலையில் மகளே அழைத்தார். வவுனியாவில் வார்டில் வைத்திருக்கிறார்களாம், கதைப்பது குறைவாம். “ஐயா கதைக்கிறதெண்டா இப்ப கதையுங்கோ” என்று போனை அவர் காதில் வைத்தார்.

மூச்சு மட்டும் கேட்டது.

“நான்தான்,” என்றேன். “வந்திருக்க மாட்டன். நீங்கள் கேட்டதுக்குத்தான் சொல்லுறன். போன் வேற மாதிரிச் சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டன்.”

 துண்டித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

“தெரியும் ஐயா,” என்றார். குரல் தகரத்தில் மணல் உரசுவது போல இருந்தது. பிறகு, “கொளத்துல எத்தன அடி நிக்குது?”

அன்றைக்கு நான் குளத்தடிக்குப் போகவில்லை. அந்தக் கிழமை முழுவதும் போகவில்லை. வேலையில் இருந்த முப்பத்தொரு வருடத்தில் பார்க்காமல் ஒரு மட்டம் சொன்னவன் அல்ல நான்.

“பதினேழு,” என்றேன்.

“நல்லம்,” என்றார். மகள் போனை எடுத்துவிட்டார்.

மறுநாள் விடியப் போய்ப் பார்த்தேன். பதினான்கு அடி எட்டு அங்குலம். அளவுக் கம்பத்துக்குக் கிட்டப் போய் இன்னொரு தரம் பார்த்தேன், அதேதான். திருத்திச் சொல்ல வேண்டும் என்று அணைக்கட்டில் நின்றே அழைத்தேன். மணி ஒன்பது தரம் அடித்தது. பத்தாவதில் எடுத்தது மருமகன். மாமா விடிய நாலு மணிக்கே போய்விட்டார் என்றார்.